மடியில் இருந்த கை

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலமாகத்தான் இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் என்னோடு கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்துகிறது. அதைப் பெரிதாக எடுக்காதே. உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. வழக்கம்போல அம்மாவுக்கு உரத்து வாசித்தேன். உன் மனைவியின் ஊரில் உன்னைக் கிராமச் சங்கத்துக்குத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள் என்ற இடம் வந்ததும் அவள் சிரித்தாள். "தான் உடுக்கிற சாரனை எங்க வெச்ச எண்டு தெரியாம வீடெல்லாம் தேடுறவன், ஊர்க் காரியம் பாக்கப் போறானோ?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷம் வந்தால் அவளுக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது.

பிறகு இரண்டாம் பக்கம் வந்தது. உங்கள் ஊரில் சங்கப் பணத்தில் ஒரு ஓடாவிக் கொட்டில் நடக்கிறது, இளந்தாரிகள் அங்கே தச்சு வேலை பழகுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். வேலை தேடுகிற பிள்ளைகளின் பெயரைப் பதிந்து, பட்டணத்துக் கந்தோர்களுக்கு, ஆள் எடுக்கிற அலுவலகங்களுக்கு, கொண்டுபோய்க் கேட்கிற ஒரு பெயர்ப் புத்தகமும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒதுக்கிய பணம் இந்த ஆண்டோடு முடிகிறது. நீடிப்பதா நிறுத்துவதா என்று வருகிற கூட்டத்தில் கை தூக்கப் போகிறீர்கள். பாதிப்பேர் நிறுத்தச் சொல்கிறார்கள். "நம்மட வரியில தொழில் பழகிப்போட்டு, கலியாணம் முடிச்சு மற்ற ஊருக்குப் போயிருறானுகள். ஆருக்கு லாபம்?" என்பது அவர்கள் பேச்சு. அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதுபோல உனக்கும் படுகிறது. "அப்பா, நீங்க சங்கத்தில இருந்த ஆள். நீங்க என்ன சொல்றீங்க?" என்று முடித்திருந்தாய். நான் வாசிப்பதை நிறுத்தினேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. "இனியாவது அவனுக்கு உண்மையைச் சொல்லுங்க," என்றாள்.

சொல்லவில்லை. எழுந்து வட்டைக்குப் போய், பார்க்கத் தேவையில்லாத வயலைப் பொழுது சாயும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாளும் அதுதான். மூன்றாம் நாள் அவள் மைக்கூட்டையும் தாளையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள், சோறு வைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இதை முதலில் நீ தனியாக இருந்து வாசி. வாசித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று முடிவில் சொல்கிறேன்.

நீ கலியாணம் முடித்துப் போன நாளை நினைத்துப்பார். நம் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை மனைவி வீட்டுக்குப் போக வேண்டியவன். நானும் அப்படித்தான் ஒரு பெட்டியோடு உன் அம்மாவின் வளவுக்கு வந்து சேர்ந்தேன். அது தெரிந்திருந்தும், நம் எழுவான்கரைத் துறையில் உன்னை ஏற்றுகிறபோது தோணிக்காரனோடு கயிறு சரியில்லை என்று சண்டை பிடித்தேன். கயிறு நன்றாகத்தான் இருந்தது. தோணி வாவியைத் தாண்டி எதிரே படுவான்கரைப் பக்கம் சிறுத்துப் போகும் வரை நின்றேன். உனக்குச் சொல்ல வைத்திருந்த புத்திமதி ஒன்றையும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், பிந்திவிட்டது என்று நினைக்காதே. மாமியார் வைத்த கறியில் உப்புக் கூடினால் தண்ணீர் குடி, வாய் திறக்காதே. மாமனாரின் கதிரையில் அவர் வற்புறுத்திச் சொன்னாலும் முதல் ஒரு வருஷம் உட்காராதே. அது போய்விட்டது, சரி, இனி உட்காரலாம். அந்த ஊரார் உன்னை "வந்த மாப்பிள்ளை" என்று சொல்வார்கள். என்னை முப்பது வருஷமாகச் சொல்கிறார்கள். அதற்காகக் கோபப்படாதே. வந்த மாப்பிள்ளையை நம்பிக் கை தூக்கிச் சங்கத்துக்கு அனுப்பியிருக்கிறார்களே, அதைப் பார்.

இனி நம் ஊர்க் கொட்டிலின் கதை. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ அறிந்த முடிவு உண்மையானது இல்லை. ஏறாவூரில் இருந்து மீரா ஓடாவியார் வந்து, சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் வாவிக்கரையோடு கிடுகுக் கொட்டில் போட்டு, பத்துப் பன்னிரண்டு பேருக்கு வேலை பழக்கினார். உனக்குப் பதினாறு வயது. புத்தகத்தைக் கண்டால் கொட்டாவி விடுகிற நீ, அந்தக் கொட்டிலுக்குப் போக விடியமுன்னமே எழும்பினாய். முதலில் செய்தது உட்காருவதற்கு ஒரு சிறிய வாங்கு. அதில் ஒரு கால் மற்ற மூன்றையும் விடக் கட்டை. வெட்கப்பட்டு நீ அதை உடைக்கப் போக, அம்மா பறித்துக்கொண்டாள். இன்றைக்கும் அதில் இருந்துதான் தேங்காய் திருவுகிறாள், ஆடி ஆடி. உன் தங்கையைக் கட்டிய மச்சான் ஒரு நாள் அந்தக் காலைச் சரிசெய்து தருகிறேன் என்றான். "அதைத் தொட்டியோ, கையில சூடு வெப்பன்," என்று மருமகனைப் பார்த்துச் சொன்னாள். அவன் அன்றிலிருந்து அந்த வாங்கை எட்ட நின்றுதான் பார்க்கிறான்.

ஓடாவியார் உன்னைப் பற்றி என்னிடம் சொன்னது உனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு முன்னால் புகழக் கூடாது என்று அவருக்கு ஒரு கொள்கை. ஒரு நாள் சந்தையடியில் என்னை மறித்து, "தம்பி, உங்கட பொடியன் மரத்தை வெருட்ட மாட்டான். அது எந்தப் பக்கம் போகப் பாக்குதோ அதைப் பாத்துத்தான் சீவுளி புடிக்கான். அது சொல்லிக் குடுத்து வாற சாமான் இல்ல," என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. உனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுவும் என் பிழைகளில் ஒன்று.

அடுத்த ஆண்டு அமிர்தகழித் திருவிழாவுக்கு எல்லோரும் போனோம். தீர்த்தக் குளத்தடியில் படுவான்கரையில் இருந்து வந்த ஒரு பெரியவர் என்னிடம் வந்து, ஊர் பேர் கேட்டு, வெற்றிலை தந்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "உங்கட மகன் ஓடாவி பழகுறாராமே. எங்கட பக்கத்தில நல்ல ஓடாவி இல்ல. எங்களிட்ட ஒரு பிள்ளை இரிக்கு. அவசரம் இல்ல, வேலை பழகி முடியட்டும்," என்றார். மரியாதையான மனுஷன். நான் அவருக்குச் சரியாகப் பதில்கூடச் சொல்லவில்லை. அவர் போன பிறகு உன்னைப் பார்த்தேன். நீ தங்கைக்கு வளையல் வாங்கிக் கொடுத்துக்கொண்டு, விலை கூட என்று கடைக்காரனோடு வழக்காடிக்கொண்டிருந்தாய். நீ தொழில் பழகி முடிக்கிற நாள்தான் என்னை விட்டுப் போகிற நாள் என்று அன்றைக்கு என் மண்டையில் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் சங்கக் கூட்டம் வந்தது. கொட்டிலுக்கும் பெயர்ப் புத்தகத்துக்கும் மேலும் பணம் ஒதுக்குவதா என்பது பேச்சு. உனக்கு முன்னே சேர்ந்து வேலை பழகி முடித்த முதல் இரண்டு பொடியன்கள் கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போயிருந்தார்கள். இப்போது உங்கள் ஊரில் சொல்கிறார்களே, அதே வார்த்தைகளைத்தான் அன்று எங்கள் ஊரிலும் சொன்னார்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அக்கிராசனர் பொறுமையாக எல்லோரையும் பேசவிட்டார். பிறகு, நீடிக்க விரும்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். நாங்கள் ஏழு பேர். அக்கிராசனரோடு சேர்த்து மூன்று கை உயர்ந்தது. மூன்று பேர் தூக்கவில்லை. ஏழாவது ஆள் நான்.

மகன், என் கை மடியில் இருந்தது. அக்கிராசனர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும் நீ அந்தக் கொட்டிலில் இருக்கிறாய் என்று. அதனால் என் கை உயரும் என்று நம்பிக்கொண்டு காத்திருந்தார். வெளியே கொட்டிலில் யாரோ மரம் அறுக்கிற சத்தம் கேட்டது. அது நீயாகவும் இருக்கலாம். நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது வேறு யாருடையதோ என்பதுபோல. கடைசியில் அக்கிராசனர், "அப்ப, நிப்பாட்டுறது எண்டு தீர்மானம்," என்றார். "ஆர் தூக்கின, ஆர் தூக்கல்ல எண்ட கதை இந்த அறைக்குள்ள இரிக்கட்டும். சபை நிப்பாட்டினது எண்டு நான் வெளிய சொல்றன்," என்றும் சொன்னார். ஊரில் தகப்பன்மார் ஒருவரோடொருவர் முகம் முறிக்கக் கூடாது என்று அவர் நினைத்தார்.

ஊர் வரி, ஊர்ப் பிள்ளை என்று எனக்குள் நானே நூறு நியாயம் சொல்லிப் பார்த்தேன். அது எல்லாம் பொய். உன்னைக் கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான். கொட்டில் நின்றுபோனால் அந்தப் பெரியவர் வேறு மாப்பிள்ளை பார்ப்பார், நீ இன்னும் சில வருஷம் என்னோடு வட்டைக்கு வருவாய், மத்தியானம் வரம்பில் இருந்து ஒரே சட்டியில் சோறு தின்னலாம் என்று நினைத்தேன். ஆசைதான் மகன். ஆனால் ஆசையில் செய்த அநியாயமும் அநியாயம்தான். ஓடாவியார் ஆயுதப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகும்போது என்னிடம் ஸலாம் சொல்லிவிட்டு, "இன்னும் நாலு மாசம் தந்திரிந்தா இவனை முழுசா ஆக்கிக் கையில தந்திருப்பன், தம்பி," என்றார். அந்த மனுஷனின் முகத்தை நேரே பார்க்க என்னால் முடியவில்லை.

நீ அன்றைக்கு வீட்டுக்கு வந்து, உளியைக் கட்டிலில் எறிந்துவிட்டு, "ஆரப்பா நிப்பாட்டின?" என்று கேட்டாய். "அக்கிராசனர் பாத்த வேலை," என்றேன். நாக்கு அவ்வளவு லேசாகப் புரண்டது. நீ நம்பினாய். அதற்குப் பிறகு அந்த மனுஷனைக் கண்டால் வேலிப்பக்கம் திரும்பிப் போனாய்; கோயிலில் அவர் கை நீட்டித் தந்த பிரசாதத்தைக்கூட வாங்கவில்லை. நான் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பொடியன் என்னோட கோவிச்சுக்கொண்டு திரியட்டும். அக்கிராசனர் இல்லாட்டியும் அவன் சமாளிப்பான், அவனுக்கு அப்பன் வேணும்," என்றார். உன் அம்மாவுக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது. என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்ததாம்.

பிறகு உலகச் சண்டைக் காலம் வந்தது. திருக்கோணமலையில் துறைமுக வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நீ போனாய். ஓடாவிகளுக்கு ஒரு வரிசை, மண் சுமக்கிறவர்களுக்கு ஒரு வரிசை. வேலை பழகி முடித்ததற்கு ஓர் அத்தாட்சித் துண்டு கேட்டிருக்கிறார்கள். உன்னிடம் துண்டு இல்லை. உனக்காகப் பேச, உன் பெயரை முன்கூட்டியே அங்கே கொடுத்து வைக்க, பெயர்ப் புத்தகமும் இல்லை. சீவுளி பிடிக்கப் பிறந்த கை மண்கூடை சுமந்தது. காய்ச்சலோடு நீ திரும்பி வந்தபோது தோளில் தழும்பு இருந்தது. எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டேன். "பரவால்ல அப்பா, இதுவும் வேலைதானே," என்றாய். நீ என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் "பரவால்ல" இன்னும் என் காதில் கிடக்கிறது.

உன் தங்கைக்குத் தன்னாமுனைப் பக்கத்தில் இருந்து மாப்பிள்ளை வந்தது உனக்குத் தெரியும். அவன் ஒரு பெட்டி உடுப்போடும் ஒரு பெட்டி ஆயுதத்தோடும் வந்தான். சீதனமாகக் கட்டிய வீட்டுக்குக் கதவு இல்லாமல் கிடுகுத் தட்டி கட்டியிருந்தோமே, வந்த மாதமே முதிரை மரத்தில் இரட்டைக் கதவு செய்து போட்டான். பள்ளிக்கூடத்தில் உடைந்து கிடந்த வாங்குகளைச் சரிசெய்தான். இப்போது நம் துறையில் எந்தத் தோணி ஒழுகினாலும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு நாள் கதவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தவனிடம், இதெல்லாம் எங்கே பழகினாய் என்று கேட்டேன். "எங்கட ஊர்ச் சங்கக் கொட்டிலில, மாமா. எங்களுக்கு ஏறாவூர் மீரா ஓடாவியார்தான் பழக்கின. முந்தி உங்கட ஊரில இரிந்தவராம். இஞ்ச நிப்பாட்டினதால அங்க வந்தவர்," என்றான். அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது. எண்ணெயைப் பூசிக்கொண்டே இருந்தான்.

நான் அந்தக் கதவடியில் இருந்துவிட்டேன். நம் பக்கத்தில் எந்த ஊரும் தன் பொடியனைத் தானே வைத்துக்கொள்வதில்லை. நாம் வளர்த்த பிள்ளை வாவிக்கு அங்கால போகிறான். அங்கால வளர்ந்த பிள்ளை நம் வீட்டுக்கு வருகிறான். தன்னாமுனைக்காரர் என்னைப்போல யோசித்திருந்தால் என் மகளின் வீட்டில் இன்றைக்கும் தட்டிதான் கட்டியிருக்கும். நானே வந்த மாப்பிள்ளை, என் மருமகன் வந்த மாப்பிள்ளை, என் மகன் போன மாப்பிள்ளை. இத்தனையும் தெரிந்த ஒருவன், போகிறவனுக்கு எதற்குச் செலவு என்று இருந்தால், அவனைப் போல மடையன் வேறு யார்?

இதை உன் அம்மாவிடம் பெரிய கண்டுபிடிப்புப் போலச் சொன்னேன். அவள் அந்த ஆடுகிற வாங்கில் இருந்தபடியே கேட்டுவிட்டு, "இஞ்சேருங்க, நான் ஒண்டு கேக்கன். ஆம்பிளப் பிள்ளைகள் ஊரை விட்டுப் போறாங்க எண்டு அவ்வளவு கவலையெண்டா, போகாம இஞ்சயே கிடக்கிற பொம்புளப் பிள்ளைகளுக்கு ஒரு தறியாவது வாங்கிப் போட்டீங்களோ?" என்றாள். ஏழு ஆம்பிளைகள் இருந்து பேசினோம், ஒருவனுக்கும் அது தோன்றவில்லை. இதை அப்படியே உன் கூட்டத்தில் சொல்லு. உன் அம்மா சொன்னதாகவே சொல்லு. நான் சொன்னதாகச் சொன்னால் அவள் எனக்கு இன்னும் மூன்று நாள் சோறு தரமாட்டாள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நீடிக்க வேண்டும். ஓர் ஆண்டு ஓர் ஆண்டாகக் கேட்காதே. வேலை பழக இரண்டு ஆண்டு பிடிக்கும். ஒவ்வொரு மாரிக்கும் கொட்டில் இருக்குமோ போகுமோ என்று பயந்துகொண்டு எந்தப் பிள்ளையும் பழக முடியாது. இன்று சேருகிற பிள்ளை முடித்து, கையில் துண்டு வாங்கும் வரைக்குமாவது பணத்தை ஒதுக்கிவிடச் சொல். பெயர்ப் புத்தகத்தை விட்டுவிடாதே. தொழில் தெரிந்தவனுக்கு வேலை இருக்கிற இடம் தெரிய வேண்டும். புத்தகத்தைச் சங்க அலுமாரியில் பூட்டி வைத்தால் கறையான்தான் வாசிக்கும். எழுதுகிறவர் கிழமைக்கு ஒரு தரம் பட்டணத்துக்குப் போய், ரோட்டுக் கந்தோரிலும் மற்ற இடங்களிலும் வாசலில் நின்று கேட்க வேண்டும். பெரிய வயல்காரரான போடியார்மார் மரம் தருவார்கள், கேட்டால். வயல் வேலை முடிந்த காலத்தில் போய்க் கேள். விதைப்பு நேரத்தில் போகாதே.

இன்னொன்று. மிகக் கடுமையாக எதிர்க்கிற ஆள் யார் என்று பார். கூட்டத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போ. வெற்றிலைத் தட்டத்தை நகர்த்தி வைத்துவிட்டு, அவரிடம் வரிக் கணக்குப் பேசாதே. "உங்கட மகனுக்கு எங்க கலியாணம் பேசியிரிக்கு?" என்று மட்டும் கேள். அவர் முகம் மாறினால் அவரோடு கோபப்படாதே, பக்கத்தில் கொஞ்ச நேரம் இரு. அன்றைக்கு என்னிடம் அப்படி ஒருவர் வந்திருந்தால் நான் அழுதிருப்பேன். ஆனால் கையைத் தூக்கியிருப்பேன்.

அமிர்தகழியில் எனக்கு வெற்றிலை தந்த பெரியவர் யார் என்று நீ ஊகித்திருப்பாய். அவர் காத்திருந்தார், மகன். ஓடாவி வேலை முடிக்காத பொடியனுக்கே தன் மகளைத் தந்தார். நான் உன் தொழிலைப் பறித்தும் உன்னை வைத்துக்கொள்ள முடியவில்லை. இன்றைக்கு அவர் வட்டையை நீ பார்க்கிறாய் என்று எழுதுகிறாய். எனக்கு அது சந்தோஷம். ஆனால் உங்கள் ஊர்க் கொட்டிலுக்கு மாலை வேளையில் போய்ச் சும்மா நின்று பார்த்துவிட்டு வருவதாகவும் எழுதியிருக்கிறாய். சும்மா நிற்காதே. உள்ளே போய், அந்த நாலு மாசத்தையும் பழகி முடி. சங்க மெம்பர் மாணாக்கனாக இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அடுத்த தரம் ஊருக்கு வருகிறபோது, எங்கள் வீட்டுக்கு வரமுன் அக்கிராசனர் வீட்டுப் படலையைத் திற. அவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. நீ யார் என்று வாயால் சொல்ல வேண்டும்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்காமலும் இருக்க முடியவில்லை. கோபம் வந்தால் கொஞ்ச நாள் கோபமாகவே இரு. அம்மாவுக்கு மட்டும் கடிதம் போடுவதை நிறுத்தாதே. அவள் உனக்குக் கருவாடும் மருமகளுக்கு ஒரு போத்தல் நெய்யும் கட்டி வைத்திருக்கிறாள், நாளைத் தோணியில் வரும்.

முடிவில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். இந்தக் கடிதத்தை வருகிற கூட்டத்துக்குக் கொண்டுபோய், எல்லோருக்கும் கேட்கும்படி வாசி. வெட்கமான இடம் வந்தால் தாண்டிப் போகாதே. தன் மகனின் தொழிலைத் தானே நிறுத்திய தகப்பன் யார் என்று கேட்பார்கள். கீழே நான் பெயர் எழுதவில்லை. எழுந்து நின்று, என் பெயரை உன் வாயால் சொல்லு. சொல்லிவிட்டு உன் கையைத் தூக்கு.

ஆசையோடு,
உன் அப்பா